மறைசாட்சியின் முகம் தேடி

கோடை விடுமுறை மறைக்கல்வி வகுப்பு முடிந்து வந்த என் பேத்தி, ஒரு வெள்ளைத்தாளை என் முன் நீட்டினாள். "தாத்தா, தேவசகாயம் படம் வரைஞ்சு தாங்க. வெட்டி ஒட்டக்கூடாதாம், கையாலதான் வரையணுமாம்."

2022-ஆம் ஆண்டு மே மாதம் அது. அம்மாதம் 15-ஆம் நாள், திருத்தந்தை பிரான்சிஸ் நம் மண்ணின் மறைசாட்சியைப் புனிதராக அறிவித்திருந்தார். நாகர்கோவிலில் எந்தத் தெருவில் நடந்தாலும் அவருடைய படம் கண்ணில் பட்ட நாட்கள்.

"எனக்கு வரையத் தெரியாது மக்களே" என்றேன்.

அடுக்களையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: "பிள்ளையிட்ட எதுக்குக் கள்ளம் சொல்லுதிய?"

கள்ளந்தான். ஐம்பது ஆண்டுகளாக நான் சொல்லி வந்த கள்ளம் அது. இவ்வளவு காலம் சொன்னபின் எனக்கே அது உண்மைபோல் ஆகிவிட்டிருந்தது.

என் வயதையொத்த வாசகர்கள் அக்காலத்துக் கத்தோலிக்க வீட்டை எளிதில் நினைவுகூர்வார்கள். முன்னறையில் இயேசுவின் திரு இருதயப் படம். அதன்முன் ஒரு சிறு விளக்கு. பாட்டியின் செபப்புத்தகத்தினுள் பொன்னிற ஓரம் வைத்த சிறு புனிதர் படங்கள். மார்த்தாண்டத்தை அடுத்த எங்கள் சிற்றூரில், நான் கண்ட முதல் ஓவியங்கள் அவையே. வெள்ளைத்தாளில் தேங்காய் எண்ணெயைத் தடவினால் அது கண்ணாடிபோல் ஆகும். அதனைப் படத்தின்மேல் வைத்து வரையலாம். செபப்புத்தகத்தின் பக்கங்களில் எண்ணெய்க் கறை ஏறியதற்காக நான் வாங்கிய அடிகள் பல. செபஸ்தியாரின் உடலில் தைத்த அம்புகள் எளிது. சிறுமலர்த் தெரேசம்மாளின் ரோசாப்பூக்களும் வந்துவிடும். அந்தோனியாருடைய அங்கியின் மடிப்புகள் மட்டும் கடைசிவரை எனக்கு அடங்கவில்லை.

பள்ளியில் ஓவிய ஆசிரியர் என்னை அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளுக்கு அனுப்பினார். கோட்டோவியம், மாதிரி பார்த்து வரைதல் ஆகியவற்றில் தேறினேன். சென்னையில் ஓவியத்திற்கென்றே ஒரு கல்லூரி உண்டு என்று அவர்தாம் எனக்குச் சொன்னார். 1850-ஆம் ஆண்டு அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய அப்பள்ளி, அப்போது அரசினர் கல்லூரியாக நடைபெற்று வந்தது. 1971-இல், பள்ளியிறுதி வகுப்பு முடிந்ததும் விண்ணப்பப் படிவம் ஒன்றை வருவித்து, அதனை அம்மாவின் செபப்புத்தகத்தினுள் பத்திரப்படுத்தினேன்.

அவ்வாண்டில்தான் எங்கள் தந்தையார் இறைவனடி சேர்ந்தார். அண்ணனுக்கு அப்போது வயது 22. ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக் கொண்டிருந்தார். குடும்பம் முழுவதும் அவர் தலையில் விழுந்தது. ஓரிரவு, கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது, "படம் வரைஞ்சா அரி வேவாது. நீ வாத்தியாருக்குப் படி. பணம் நான் பாத்துக்கிடுதேன்" என்றார். நான் பதில் கூறவில்லை. இருந்தும் படிவத்தை நிரப்பி அனுப்பிவிடலாம் என்று ஒருநாள் செபப்புத்தகத்தைத் திறந்தபோது, படிவம் அங்கே இல்லை. வீட்டையே கவிழ்த்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கடைசி நாளும் கடந்து போயிற்று.

ஆசிரியர் பயிற்சிக்குச் சென்றேன். 38 ஆண்டுகள் பணியாற்றி 2012-இல் ஓய்வு பெற்றேன். கரும்பலகையில் இந்தியாவின் வரைபடமும், செம்பருத்திப் பூவின் பாகங்களும் ஆயிரம் முறை வரைந்திருப்பேன். அவற்றை ஓவியமென்று நான் கருதியதில்லை.

அன்று மாலை, தெருவில் ஒட்டியிருந்த சுவரொட்டியைப் பார்த்துப் பேத்திக்குப் படம் வரைந்து கொடுத்தேன். முழந்தாளிட்ட மனிதர், கூப்பிய கைகள், சங்கிலி. பிள்ளைக்கு மகிழ்ச்சி, வகுப்பில் பாராட்டும் கிடைத்ததாம். எனக்கு இரவு உறக்கம் வரவில்லை. நான் வரைந்தது அம்மனிதரை அன்று. யாரோ வரைந்த படத்தின் படத்தை வரைந்திருந்தேன். எண்ணெய்த்தாள் ஒன்றுதான் குறை.

மறுநாள் கடைக்குச் சென்று, எச்.பி., 2பி, 4பி, 6பி என நான்கு பென்சில்களும் தடித்த தாள் கொண்ட வரைபட நோட்டும் ஒரு ரப்பரும் வாங்கினேன். இந்த ரப்பரைப் பற்றி இடையில் ஒரு செய்தி. பென்சில் கோட்டை அழிக்க ஐரோப்பியர் முற்காலத்தில் ரொட்டித்துண்டையே பயன்படுத்தினர். மரப்பால் கட்டி அதைவிட நன்றாக அழிக்கும் என்று சோசப் பிரீஸ்ட்லி என்னும் அறிஞர் எழுதியது 1770-இல்தான். அண்ணன் வாழ்நாள் முழுவதும் வெட்டிய பாலின் பயன்களில் இதுவும் ஒன்று என்பது, என் வயதில், கடை வாசலில் நின்றபோதுதான் எனக்குத் தோன்றிற்று.

புனிதர்களை வரையத் தொடங்கியபின் முதலில் அறிந்தது என் அறியாமையை. தலையின் உச்சிக்கும் மோவாய்க்கும் சரிபாதியில் கண்கள் அமைந்துள்ளன. கண்ணாடியின் முன் நின்று விரலால் அளந்து பாருங்கள். பழகாத கை எப்போதும் கண்களை உயரத்தில் வைத்துவிடும்; நெற்றி சுருங்கி, மூளைக்கே இடமில்லாத புனிதர் ஒருவர் தோன்றிவிடுவார். என் நோட்டின் முதல் பத்துப் பக்கங்களில் அத்தகைய புனிதர் பலர் உள்ளனர். முகம் மேல்நோக்கி உயர்ந்தால் கணக்கு இன்னும் மாறும்: காதுகள் கீழிறங்கும், மூக்கின் அடிப்பகுதி தெரியும், மோவாயின் கீழ்ப்புறம் அகலும். வானத்தை நோக்கிச் செபிக்கும் புனிதர்களே நம் படங்களில் மிகுதியாதலால், இதனை அறியாமல் ஓரடிகூட எடுத்துவைக்க இயலாது.

எனவே, நிழற்படம் உள்ள புனிதர்களிடமிருந்து தொடங்கினேன். அன்னை தெரேசா எனக்கு நல்லாசிரியராக அமைந்தார். வழவழப்பான இளமுகத்தில் பென்சிலுக்குப் பிடி கிடைப்பதில்லை. அன்னையின் முகத்திலோ ஒவ்வொரு சுருக்கமும், 'இங்கே வா' என்று கையைப் பிடித்து அழைத்துச் செல்லும்.

அடுத்து சிறுமலர்த் தெரேசம்மாள். இங்கே ஒரு வியப்பு காத்திருந்தது. அவருடைய அக்காள் செலின் ஓவியம் பயின்றவர். 1894-இல் லிசியே கார்மேல் மடத்தில் சேர்ந்தபோது, நிழற்படக் கருவியையும் உடன் கொண்டுவந்தார். ஒரு மடத்துக் கன்னிகையை அவர் வாழும்போதே அத்தனை படம் பிடித்து வைத்தது அக்காலத்தில் அரிதினும் அரிது. எனினும், 1897-இல் தெரேசம்மாள் இறந்தபின் உலகெங்கும் பரவியவை, செலின் மெருகேற்றிய படங்களும் அவர் தீட்டிய ஓவியங்களுமே. மெருகிடாத நிழற்படங்கள் 1961-இல்தான் நூலாக வெளிவந்தன. அவற்றில் காண்பது பொம்மை முகமன்று. அகன்ற முகம், உறுதியான தாடை, களைப்பேறிய கண்கள். பாட்டியின் செபப்புத்தகத்திலிருந்த பெண்ணை நான் சிறுவயதில் எத்தனையோ முறை வரைந்தேன். இந்தப் பெண்ணை எழுபது வயதை நெருங்கும்போதுதான் சந்தித்தேன். அக்காளைக் குறை கூறவும் மனம் வரவில்லை. தங்கையைப் பார்த்துப் பார்த்து வாழ்ந்தவர் அவர். உள்ளத்தில் கண்டதைத் தாளில் திருத்தினார். ஆயினும், திருத்தாத படமே எனக்கு அதிகம் பேசிற்று.

பின்னர் நம் கோட்டாறு மறைமாவட்டப் பேராலயத்தின் பாதுகாவலர் சவேரியாரை வரைய முற்பட்டேன். அவருடைய படங்களுள் எனக்கு மிகவும் பிடித்தது சப்பானியர் ஒருவர் தீட்டியது. 1920-இல் ஓசாகாவை அடுத்த இபராக்கியில் ஒரு வீட்டில் கண்டெடுக்கப்பட்டு, இன்று கோபே நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. மார்பின்மேல் குறுக்காக வைத்த கைகள், சிவந்து எரியும் இதயம், அதிலிருந்து எழும் பாடுபட்ட சுரூபம். 17-ஆம் நூற்றாண்டில் அதனை வரைந்தவர் சவேரியாரைக் கண்டிருக்க இயலாது. 1552-இலேயே அவர் சீனக் கரையோரத் தீவொன்றில் உயிர் நீத்தார். மறைக்கலகங்களின் இடையே, காணாத ஒருவரின் முகத்தை யாரோ பக்தியுடன் எழுதிக் காத்திருக்கின்றனர்.

நானோ எரியும் இதயத்தை விட்டுவிட்டு, அவருடைய கைகளை மட்டும் வரைந்தேன். முத்துக்குளித்துறையில் ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கைகள் சோர்ந்துபோவதுண்டு என்று, 1544-இல் கொச்சியிலிருந்து எழுதிய மடலில் அவரே கூறுகின்றார். அவ்வாண்டின் இறுதியில் நம் திருவிதாங்கூர்க் கடலோர ஊர்களுக்கு வந்து, ஒரே மாதத்தில் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட மீனவ மக்களுக்கு அவர் ஞானஸ்நானம் வழங்கினார். அப்பெரும் உழைப்பு எல்லாம் கைகள் வழியாகவே நடைபெற்றது. புனிதர்களை வரைகிறவர்கள் முகத்திற்கே முழு நேரத்தையும் செலவிட்டு, கைகளை அங்கியின் மடிப்பில் ஒளித்துவிடுகிறோம் என்பதை அப்போது உணர்ந்தேன். கைகள் வரைவதற்குக் கடினமானவை என்பதே அதன் உண்மைக் காரணம், பக்தியன்று.

இங்ஙனம் ஓராண்டு சென்றது. தேவசகாயத்தை மட்டும் நான் மறுபடி தொடவில்லை.

புனிதர்பட்ட நாளன்று தூய பேதுரு பேராலயத்தின் முகப்பில் பத்துப் புனிதர்களின் படங்கள் தொங்கியதைத் தொலைக்காட்சியில் கண்டிருப்பீர்கள். சகாரா பாலைவனத்தில் வாழ்ந்த சார்லஸ் தெ ஃபூக்கோவுக்கு நிழற்படம் உண்டு. 1942-இல் தாகாவ் வதைமுகாமில் கொல்லப்பட்ட தீத்துஸ் பிரான்ஸ்மாவுக்கும் உண்டு. நம்மவருக்கு இல்லை. 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், பத்மநாபபுரம் அரண்மனையில் பணி செய்தவர். அவ்வரண்மனையின் உப்பரிகை மாளிகைச் சுவர்களில் இன்றும் அந்நூற்றாண்டின் வண்ண ஓவியங்கள் உள்ளன. நேரில் சென்று பார்த்தேன். தெய்வ உருவங்களையே அங்கு எழுதினார்கள். அலுவலர் ஒருவரை எழுதுவார் யார்?

குளச்சல் போரில் 1741-இல் சிறைப்பட்டு, பின்னர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படைத்தலைவரான டிலனாய் வாயிலாகக் கிறிஸ்துவை அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, 1749-இல் சிறைப்பட்ட அவரது வரலாற்றை நம் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எருமைமேல் பின்புறம் நோக்கி உட்கார வைத்து ஊர் ஊராக இழுத்துச் சென்றதையும், பெருவிளையில் வேப்பமரத்தில் பிணித்ததையும் நம் வீடுகளில் பிள்ளைகளும் அறிவார்கள். வரைய வேண்டும் என்று உட்கார்ந்தபோது எனக்கு வேறு ஒன்று உறைத்தது: 1752-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் காற்றாடிமலையில் சுடப்பட்டபோது அவருக்கு நாற்பது வயது நிரம்பவில்லை. என் இளைய மகனைவிடச் சிறியவர்! ஏறத்தாழ மூன்றாண்டுச் சிறையில் மெலிந்து, வெயிலில் கறுத்து, நலிந்த இளம் உடல். நம் சுவரொட்டிகளில் காணும் திரண்ட தோள்களும் சிவந்த உதடுகளும் அவ்வுடலுக்கு எவ்வாறு பொருந்தும்? இப்போது கணினியே உருவாக்கித் தரும் புனிதர் படங்கள் கைப்பேசிகளில் உலா வருகின்றன. அவற்றில் தேவசகாயம் திரைப்பட நடிகரைப்போல் இருக்கிறார். பார்க்க அழகுதான், பசித்த முகம் இல்லை.

நம் நாட்டு முகத்தை வரைந்ததற்காகத் துன்புற்றவர் ஒருவர் உண்டு. 1902-இல் கோவாவில் பிறந்த ஆஞ்செலோ தா ஃபொன்சேக்கா, சாந்திநிகேதனில் அபனீந்திரநாத் தாகூர், நந்தலால் போஸ் ஆகியோரிடம் பயின்றவர். தேவதாயைச் சேலையுடுத்திய இந்தியப் பெண்ணாகத் தீட்டினார். ஊரில் எதிர்ப்பு வலுக்கவே, புனே நகரில் ஓர் ஆங்கிலிக்கன் ஆசிரமத்தில் தங்கி வரைந்து வந்தார், 1967-இல் மறைந்தார். எந்தக் கலைப்பாணியையும் திருச்சபை தன் தனியுரிமையாகக் கொள்ளவில்லை என்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சட்டத்தொகுப்பு எடுத்துரைத்தது. கோவாவின் கத்தோலிக்கர் அதனை முப்பது ஆண்டுகள் முன்னரே உணர்ந்திருக்கலாம் என்று எண்ணாமலிருக்க முடியவில்லை.

2023-இல் ஒருநாள் காலையிலேயே ஆரல்வாய்மொழிக்குப் பேருந்து ஏறினேன். கணவாய் வழியாக வரும் காற்றின் வேகத்தை அப்பக்கத்து ஊர்களில் நிற்கும் காற்றாலைகளே கூறும். மலைக்கு அப்பெயர் வீணாக வரவில்லை. தாளை அட்டையோடு சேர்த்து இரண்டு இடங்களில் கவ்வி இறுக்கியும் ஒரு தாள் பறந்தே போயிற்று. பாறைகளை வரைந்தேன். பாறை பொறுமையுள்ளது, அசைவதில்லை, அழகாக இல்லை என்று குறை சொல்வதுமில்லை. இறுதிச் செபம் செய்ய அவர் முழந்தாளிட்ட இடமென்று மரபு சுட்டும் பாறையை மூன்று பக்கங்களில் வரைந்தேன். மனிதர் நிற்கவேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

வீட்டில் அமர்ந்து என் இடக்கையைப் பார்த்தே கைகளை வரைய முயன்றேன். ஆசிரியர் கை, சுண்ணக்கட்டியைத் தவிரக் கனமான எதையும் தூக்காத கை. எத்தனை கருமை ஏற்றினாலும் அது சங்கிலியை அணிகலனாகவே தாங்கிற்று.

என் மனைவி நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மார்த்தாண்டத்துல அத்தான் இருக்காவல்லா? அவிய கையப் பாத்துப் போடுங்க" என்றாள்.

அண்ணனுக்கும் எனக்கும் பகையில்லை. திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் போவோம், வருவோம். ஆனால் எங்கள் பேச்சு என்றும் மழை, ரப்பர் விலை, மருந்து ஆகியவற்றைத் தாண்டியதில்லை. அந்த ஆண்டில் எனக்கு அவர் அனுப்பிய பணத்திற்கு நான் நன்றி கூறி ஒரு கடிதம் எழுதியதில்லை. என் கதவை அடைத்தவர் அவர் என்னும் எண்ணம் உள்ளே ஒரு முள்ளாகக் கிடந்தது. அவரை உட்காரவைத்து ஒரு மணிநேரம் நேருக்கு நேர் பார்ப்பது எனக்கு எளிதாக இல்லை. ஆயினும் போனேன்.

74 வயதில் அண்ணன் பால் வெட்டுவதை நிறுத்திச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. கைகள் நிறுத்தவில்லை, முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தார். விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரம் மரமாகக் கத்தியை இழுத்து ஐம்பது ஆண்டுகள் உழைத்த கை. ஆள்காட்டி விரலின் உள்பக்கம் கத்திப்பிடியால் காய்த்து மரக்கட்டைபோல் இருக்கும். பாலை உறையவைக்கும் ஆசிட்டினால் நகங்கள் மஞ்சள் பாரித்தவை. காரணத்தைக் கூறியபோது, "புனிதருக்கு என் கையா? நல்ல கதை!" என்று சிரித்தார். மதினி தொழுவத்திலிருந்து மாட்டுச் சங்கிலியை எடுத்துக் கழுவிக் கொண்டுவந்தார். மணிக்கட்டுகளில் சுற்றிக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்தார் அண்ணன்.

என் கையிலிருந்த பழைய வரைபடத்தைப் பார்த்தார். அதில் புனிதர், எல்லாப் படங்களிலும் உள்ளபடி, கூப்பிய கைகளை முன்னே நீட்டியிருந்தார்.

"இது சரியில்ல" என்றார். "பாரம் கெடக்குற கைய இப்பிடி நீட்டுனா தோளு தாங்காது லே. முழங்கைய விலாவோட ஒட்டித்தான் வைப்பான். ரெண்டு வாளி பால் தூக்குனவனுக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு, சங்கிலியோடு கைகளை மார்பருகே கொண்டுவந்தார். முழங்கைகள் உடலோடு ஒட்டின. தோள்கள் சற்றே கூனின. உடனே எனக்குப் புலியூர்க்குறிச்சி நினைவு வந்தது. தாகத்தால் வாடிய தேவசகாயம் முழங்கையால் பாறையை முட்டினார், நீர் சுரந்தது என்பது அங்குள்ள முட்டிடிச்சான் பாறையின் வரலாறு. ஏன் முழங்கை என்று நான் சிறுவயது முதல் ஒருமுறையும் கேட்டதில்லை. கைகள் கட்டப்பட்டு மார்போடு ஒடுங்கியிருப்பவனுக்கு, முட்டுவதற்கு வேறு என்ன மிஞ்சும்? இருநூறு படங்களைப் பார்த்தும் தெரியாத ஒன்றை, பால்வாளி தூக்கிய உடல் ஒரு நொடியில் காட்டிவிட்டது.

வரையத் தொடங்கினேன். கையை வரைவதற்கு ஓர் அளவு உண்டு: நடுவிரலின் நீளம், புறங்கைப் பக்கம் பார்த்தால், முழுக் கையில் ஏறத்தாழப் பாதி. அண்ணனின் வலக்கையில் அந்த அளவு பொருந்தவில்லை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் வளைந்து நிமிர மறுத்தன. அளவை விட்டுவிட்டுக் கண்ட வண்ணமே வரைந்தேன். அரைமணிநேரம் சென்றிருக்கும். முற்றத்தைப் பார்த்தபடியே அண்ணன் பேசினார்.

"அந்த மெட்ராசு ஃபாரம். அத எடுத்து அடுப்புல போட்டது நான்தான்."

என் பென்சில் நின்றது.

"நீ அம்மைய சந்தேகப்பட்டே. ஒரு மாசம் அம்மையிட்ட மொகம் கொடுத்துப் பேசல்ல. எனக்குத் தெரியும். சொல்ல நாக்கு வரல்ல. பெறவு அம்மையும் போயாச்சு. வேற வழி எனக்குத் தெரியல்ல தம்பி. அஞ்சு வயிறு இருந்துது."

உண்மைதான். படிவத்தை அம்மாதான் மறைத்திருப்பாள் என்றே நான் நம்பினேன். கேட்கவும் இல்லை. அவள் சாகும்வரை, அண்ணன்மேல் ஒரு கோபமும் அவள்மேல் ஒரு கோபமுமாக இரண்டையும் தனித்தனியே வைத்துக் காத்தேன். அவளோ அதனை அறியாமலே போய்ச் சேர்ந்தாள். அல்லது அறிந்தும் மூத்த மகனைக் காட்டிக்கொடுக்காமல் போனாள். இனி யாரிடம் கேட்பது?

என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. மன்னிப்பதற்கு நான் யார்? அவர் அனுப்பிய பணத்தில் படித்து, ஓய்வூதியம் வாங்குகிறவன். மன்னிக்காமல் இருப்பதற்கும் நான் யார்? சங்கிலி மெதுவாக அசைந்து ஒலித்தது. அண்ணனின் விரல்கள் நடுங்கிக் கொண்டிருந்தன.

"கைய அசைக்காத அண்ணே" என்றேன். "சுண்டுவெரல் இன்னும் முடியல்ல."

அவர் கையை நிலைப்படுத்த முயன்றார். நடுக்கம் நிற்கவில்லை, அதனை அவ்வண்ணமே வரைந்தேன். இரட்டைக் கோடுகளாக விழுந்த அவ்விடத்தை வீட்டுக்கு வந்தபின் அழிக்க ரப்பரை எடுத்தேன், பின் வைத்துவிட்டேன்.

2022-இல் திருச்சபை அறிவித்த புனிதர் பெயர் தேவசகாயம் என்பதே. முன்பு அப்பெயரோடு ஒட்டியிருந்த சாதிப்பெயர் அதில் இல்லை. ஏற்றத்தாழ்வு பாராமல் எல்லோருடனும் கலந்து பழகியவருக்கு அதுவே பொருத்தம். எனவே, சாதியடையாளம் எதனையும் என் படத்தில் நான் வைக்கவில்லை. உழைப்பாளியின் கைகள் அவருக்கு இழிவாகா என்ற துணிவும் எனக்கு அங்கிருந்துதான் வந்தது. கோட்டாறு பேராலயத்தில் அவருடைய கல்லறை முன் நின்று ஒருமுறை இதனை அவரிடமே சொல்லிவிட்டு வந்தேன்.

மாலையில் அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கை சரியாத்தான் இருக்கு. மொகம் எங்க?"

கழுத்துக்கு மேல் தாள் வெறுமையாக இருந்தது. வயது ஏறினாலும் நெற்றியெலும்பும் கன்னத்தெலும்பும் பெரிதும் மாறுவதில்லை. அவற்றை வைத்துக்கொண்டு இளவயது முகத்தைத் தேடிப் பார்க்கலாம் என்று சொன்னேன். அடுத்த சனிக்கிழமையும் உட்கார முடியுமா என்று கேட்டேன். அவர் விடை சொல்லவில்லை. சங்கிலியைக் கழற்றி மதினியிடம் கொடுத்தார்.

பேருந்துக்காக நான் படியிறங்கும்போது மதினி பின்னாலிருந்து கூப்பிட்டார்: "நாளைக்கு முடிவெட்டப் போணும்னு சொல்லிட்டிருந்தாவ. போவட்டா, வேண்டாமா?"

"வேண்டாம் மதினி. சவரமும் பண்ண வேண்டாம். சனிக்கிழமை காலையிலேயே வந்திருவேன்" என்றேன்.